கல்வளையச் சிலந்தியும் ஒரு பயந்தாங்கொள்ளியும்

அருங்காட்சியகத்தில் எல்லாரும் அவரை எட்டுக்கால் சார் என்றுதான் சொல்வார்கள். நேரில் மரியாதையாக, முதுகுக்குப் பின்னால் சிரிப்போடு. சிலந்திகளை வகைப்படுத்துவது அவர் வேலை. எந்த மூலையிலிருந்து எந்தச் சிலந்தி வந்தாலும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, இது இன்ன வீட்டுப் பிள்ளை, இன்னாருக்குப் பங்காளி, இன்னாருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லிவிடுவார். இந்த விஷயத்தில் அவர் வாயிலிருந்து வந்தால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்படிப்பட்ட மனிதருக்கு உயிருள்ள சிலந்தி என்றால் உயிரே போய்விடும் என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

பட்டாம்பூச்சிப் பிரிவுக்குத்தான் அவர் முதலில் மனுப் போட்டார். அந்த இடம் நிரம்பிவிட்டது, சிலந்தி அறை காலி, சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பேய்க்குப் பயந்தவனுக்குச் சுடுகாட்டில் காவல் வேலை கிடைத்த கதையாயிற்று. சேர்ந்த பிறகு ஒரு ஆறுதல் கிடைத்தது. அவரிடம் வரும் சிலந்திகள் எல்லாம் செத்தவை. சாராயக் குப்பியில் கால்களை மடக்கிக்கொண்டு சாதுவாக மிதப்பவை. சில சொந்தக்காரர்களை உயிரோடு இருக்கும்வரை வாசல்படி மிதிக்கவிட மாட்டோம், போன பிறகு தங்கமான மனுஷன் என்போம் இல்லையா, சிலந்திகளும் அவருக்கு அப்படித்தான்.

மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. பயம் என்ற பாடத்தையே படிக்காதவள். குளியலறையில் ஒரு சிலந்தி தென்பட்டால் அவர் துண்டோடு வெளியே ஓடிவந்து நிற்பார். அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஆபீஸ் ஆளு யாரோ வந்திருக்காங்க. என்ன வேணும்னு கேட்டு அனுப்புங்களேன்" என்பாள். பிறகு ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுவாள். அந்த டம்ளரில் அவர் அப்புறம் தண்ணீர் குடிக்க மாட்டார்.

இந்த ஏற்பாடு ஓய்வுபெறும் வரை ஓடியிருக்கும். பாலைவனத்தில் சாலை போட அளவெடுக்கப் போனவர்கள்தான் கெடுத்தார்கள். தண்ணீர் பாட்டிலில் எதையோ போட்டு, சாராயம் ஊற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். பூச்சியைச் சுற்றி வெள்ளைக் கல் வளையம் இருந்தது, பார்க்க அழகாக இருந்தது, அதனால் அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததும் எட்டுக்கால் சாருக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. பெண் சிலந்தி. கண்கள் ஆறு. முன் மூன்று ஜோடிக் கால்களும் முன்னோக்கி. அதுவரை எல்லாம் தெரிந்த வீட்டு ஜாடைதான். ஆனால் முன்கால்களில் இருந்த முள் வரிசையை அவர் எந்த நூலிலும் எந்தக் குப்பியிலும் கண்டதில்லை. நேராக இயக்குநர் அம்மாவின் அறைக்குப் போனார்.

"அம்மா, இது புது இனம் மட்டும் இல்ல. புதுப் பேரினமாவே இருக்கும்னு தோணுது. ஒரு குடும்பத்துக்கே புதுசா வீடு கட்டுற மாதிரி."

"தோணுதா, நிச்சயமா?"

"ஆண் கெடைச்சா நிச்சயமாச் சொல்லிடுவேன். இந்தக் கூட்டத்துல பொம்பளைங்க எல்லாம் ஒரே அச்சு. ஆணோட முகத்துக்கு முன்னால ரெண்டு குட்டிக் கை இருக்கும். அதோட நுனியிலதான் சூட்சுமமே இருக்கு."

பேச்சு வளர வளர அவரே அவர் கழுத்துக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கு உறைக்கவில்லை. இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க போன வாரம் மழையாம். ஆண் சிலந்தி மழைக்கு அப்புறம்தான் வெளிய நடமாடும்னு நீங்கதானே மீட்டிங்ல சொன்னீங்க? கெளம்புங்க."

"நானா? நம்ம சேகரிக்கிற தம்பி..."

"அவரு காலை ஒடைச்சுக்கிட்டு வீட்ல கெடக்காரு, தெரியாதா?"

சேகரிப்பாளர் மலை, காடு, பாலைவனம் என்று ஊர் உலகமெல்லாம் சுற்றியும் ஒரு கீறல் படாதவர். வீட்டில் திரைச்சீலை மாட்ட ஸ்டூல் மேல் ஏறி விழுந்திருந்தார். எட்டுக்கால் சார் அந்தத் திரைச்சீலையை மனதாரச் சபித்தார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அவள் சொன்னாள்: "எனக்கு லீவுதான். ஜீப்பை நான் ஓட்டறேன். பிடிக்கிறதையும் நான் பாத்துக்கறேன். நீங்க பேர் வைங்க."

"வெளிய சொல்லிடாத."

"சொல்லி எனக்கு என்ன பெருமை?"

பாலைவனம் என்றதும் அவர் மணல்மேடுகளை எதிர்பார்த்தார். வந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கெட்டித்தட்டிப்போன சரளை மண். அளவெடுப்பவர்கள் விட்டுப்போன தகரக் கொட்டகையில் தங்கினார்கள். விடிந்ததும் மனைவி தொப்பியைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நடந்தாள். அவர் சற்றுத் தள்ளி, அவள் மிதித்த இடத்தில் மட்டும் மிதித்து நடந்தார். கொஞ்ச நேரத்திலேயே அவள் குனிந்தாள்.

"இங்க பாருங்க, யாரோ கோலி விளையாடிட்டுப் போன மாதிரி இருக்கு."

விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதைச் சுற்றிப் பொறுக்கி எடுத்து வைத்ததுபோல வெள்ளைக் கற்கள், ஒவ்வொன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. ஒவ்வொரு கல்லிலிருந்தும் துளைக்குள் ஒரு நூல் போயிற்று. எறும்பு வந்து கல்லை இடித்தால் நூல் அதிரும், உள்ளே இருப்பவள் பாய்ந்து பிடிப்பாள். அவர் இதை ஓரடி தூரத்தில் நின்று விளக்கினார். மனைவி ஒரு காய்ந்த குச்சியைத் துளைக்குள் விட்டு வழி பார்த்துக்கொண்டு, பக்கத்தில் கரண்டியால் தோண்டினாள். கடைசியில் டம்ளரைக் கவிழ்த்தாள். அவர் ஜீப்பின் மேல் ஏறி உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். மேற்பார்வை என்பது அவர் வைத்த பெயர். எதற்குமே பெயர் வைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

இப்படி நாலைந்து பெண் சிலந்திகள் சேர்ந்தன. ஆண் மட்டும் அகப்படவில்லை.

அன்று காலை கொட்டகை வாசலில் உட்கார்ந்து அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வெறுங்கால். புறங்காலில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தார். அடுத்து நடந்தது எதற்கும் அவர் பொறுப்பில்லை, அவருடைய கால்கள்தான் பொறுப்பு. டீ ஒரு பக்கம், டம்ளர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வாயிலிருந்து வந்த சத்தம் மனிதக் குரல்தானா என்று அவருக்கே சந்தேகம். பக்கத்தில் கிடந்த மனைவியின் செருப்பில் காலை நுழைத்து, ஆத்திரம் தீரக் குதித்தார்.

மூச்சு வாங்கியபடி செருப்பைத் தூக்கிப் பார்த்தார். சப்பையாகிப்போன உடலுக்கு முன்னால் இரண்டு குட்டிக் கைகள் இருந்தன. நுனி உருண்டிருந்தது. அதாவது, உருண்டிருந்திருக்க வேண்டும்.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உலகத்தில் எந்த மனிதனும் கண்டிராத ஓர் ஆண். கண்ட முதல் மனிதர், அதுவும் சிலந்தி நிபுணர், மனைவியின் செருப்பால் அதை மிதித்தே கொன்றுவிட்டார்.

மனைவி ஒரு தாளை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுல ஏதாவது தேறுமா?"

"கால் தேறும்."

"எத்தனை?"

"மூணு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அப்புறம் அடக்க மாட்டாமல் தரையில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு தான் குதித்த குதியைத் தானே நினைத்துப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே மூன்று கால்களையும் இடுக்கியால் எடுத்துக் குப்பியில் போட்டார். கை நடுங்கவே இல்லை. செத்துவிட்டதே!

அதன் பிறகு வெயில் ஏறியது. தரை காயத் தொடங்கியது. ஈரம் போய்விட்டால் ஆண்களின் நடமாட்டமும் போய்விடும், அடுத்த மழை எப்போதோ. நாள் முழுக்க நடந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாளும் இல்லை. அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒருவேளை அதுதான் கடைசி ஆணோ என்னவோ" என்று புலம்பினார். "அப்படீன்னா நீங்கதான் சரித்திரத்துல எடம் பிடிச்சுட்டீங்களே" என்றாள் அவள்.

கிளம்ப வேண்டிய நாள் காலையில், கடைசியாக ஒரு வளையத்தைப் பார்க்கலாம் என்று மனைவி தரையில் குப்புறப் படுத்திருந்தாள். தோண்டிய பள்ளத்துக்குள் இரண்டு கைகளும் முழங்கை வரை இறங்கியிருந்தன. உள்ளே சிலந்தி இருக்கும் பட்டுக் குழாயை விரல்களால் தாங்கிப் பிடித்திருந்தாள். விட்டால் மண் சரிந்துவிடும். அவர் வழக்கம்போல ஓரடி தள்ளி நின்றார்.

"என்னங்க." குரல் மெதுவாக வந்தது. "கத்தாதீங்க. என் கையைப் பாருங்க."

அவள் சட்டைக் கையின் மேல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. மெலிந்த உடல், நீண்ட கால்கள், முகத்துக்கு முன்னால் உருண்ட இரண்டு குட்டிக் கைகள். ஆண். பெண்ணைத் தேடி வந்திருக்கிறது. வழியில் ஒரு மனுஷி படுத்திருப்பது அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

"டம்ளர்?"

"ஜீப்ல இருக்கு. நீங்க போயிட்டு வர்றதுக்குள்ள இது உள்ள இறங்கிடும். எனக்கு ரெண்டு கையும் மாட்டிக்கிச்சு. கையால எடுங்க."

"யாரு?"

"இங்க வேற யாரு இருக்கா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். உண்மையில் வேறு யாரும் இல்லை. மண்டி போட்டார். அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், தன் அறையில் தினமும் செய்வதைச் செய்தார். வாய்விட்டு வருணிக்க ஆரம்பித்தார்.

"கண்கள் ஆறு. இரண்டிரண்டாக மூன்று ஜோடி. தலைப்பகுதி பழுப்பு, ஓரம் கருப்பு. முன் மூன்று ஜோடிக் கால்கள் முன்னோக்கி..."

"மெதுவா."

"வயிற்றுப் பகுதி சாம்பல் நிறம். மேல்புறம் மங்கலான கோடு. ஐயோ, திரும்புது."

"கோட்டைச் சொல்லுங்க."

"கோடு... பின்புறம் போகப் போக மெலியும். கால்களில் முள்..." என்று சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் குவித்து, கண்ணை மூடிக்கொண்டு அதை அள்ளினார்.

கடிக்கும் என்று நினைத்தார். கையில் ஒன்றுமே இல்லை போலிருந்தது. விட்டுவிட்டோமோ என்று பதறி விரலிடுக்கில் பார்த்தார். இருந்தது. உள்ளங்கை நடுவில் நின்று, குட்டிக் கைகளால் தட்டிக்கொண்டிருந்தது. டக்டக்டக், ஒரு இடைவெளி, டக். மறுபடியும் அதேபோல. உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல. முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நிற்கும் ஆளுக்கு இருக்கும் கூச்சமும் பயமும் அதற்கும் இருக்கும் என்று அவருக்குப் பட்டது. இத்தனை வருஷம் இவர்களுடைய உடம்பில் ஒரு முள் விடாமல் எண்ணியவர், இப்படித் தட்டுவார்கள் என்று தெரியாமலே இருந்துவிட்டார்.

ஜீப்பில் மனைவி சாராயக் குப்பியைத் திறந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"நீ போடேன்."

"இங்க பாருங்க. பிடிக்கிறதை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன், சரி. இதையும் என் தலையில கட்டாதீங்க."

அவர் யோசித்தார். செத்ததற்கு அஞ்சாமல் உயிருள்ளதற்கு அஞ்சிய ஆசாமிக்கு, இப்போது உயிருள்ளதைச் சாகடிக்க மனம் வரவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிற மனிதன் நான் என்று சலித்துக்கொண்டார். கடைசியில் ரொட்டி வைத்திருந்த டப்பாவைக் காலி செய்து, மூடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி அதில் விட்டார். அருங்காட்சியகம் வந்து சேரும்வரை டப்பா அவர் மடியிலேயே இருந்தது. மேடு பள்ளம் வந்தால் "பாத்துப் போ, பாத்துப் போ" என்றார். பிரசவத்துக்குக் கூட்டிப் போகும்போதுகூட இவ்வளவு சொல்லவில்லையே என்றாள் மனைவி.

இயக்குநர் அம்மா மறுநாளே வந்துவிட்டார். "ஆண் எங்க?"

எட்டுக்கால் சார் மேஜை மேலிருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். உள்ளே பாலைவன மண், வெள்ளைக் கல் வளையம், அதன் நடுவே, கடைசி நாள் குழாயோடு தோண்டி எடுத்துவந்து குடி வைத்த பெண், வெளியே நம்மவர்.

"இது உயிரோட இருக்கே!"

"நடத்தையை ஆராயறேம்மா."

"நுனியை எப்பப் பாப்பீங்க?"

"வளர்ந்த ஆணுக்கு ஆயுசு கொஞ்சம்தான். அதுவா போனதுக்கு அப்புறம்..."

இயக்குநர் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு சிலந்தி சாகட்டும்னு ஒரு ஆபீஸே காத்துட்டு இருக்கணுமா?"

"ஆமாம்மா" என்றார் அவர். அந்த அறையில் அவர் வாதாடாமல், விளக்காமல் சொன்ன முதல் பதில் அதுதான். இயக்குநர் அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அது கல்லைத் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். பிறகு அடிக்கடி வந்தார்.

ஒரு காலை அது தொட்டியின் மூலையில் கால்களை மடக்கிக் கிடந்தது. அவர் மேஜை விளக்கைப் போட்டு, அது அசைகிறதா என்று வெகுநேரம் பார்த்தார். பிறகு கையாலேயே எடுத்துச் சாராயத்தில் வைத்தார்.

நுண்ணோக்கியில் நுனியைப் பார்த்தார். பேரிக்காய் போன்ற குமிழ், அதன் முனையில் இரண்டு முறை வளைந்த ஊசி. அந்த வளைவு வேறு யாருக்கும் இல்லை. புது இனம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் குமிழின் உருவம் இருக்கிறதே, அது நூறு வருஷமாக எல்லாருக்கும் தெரிந்த பழைய பேரினத்தின் அச்சு அசல். புதுக் குடும்பம், புது வீடு என்று மார்தட்டியது எல்லாம் காற்றோடு போயிற்று. பழைய வீட்டிலேயே ஒதுக்குப்புறமாக வாழ்ந்த ஒரு பங்காளிதான் இது. அவர் இயக்குநர் அம்மாவிடம் போய், "வீடு கட்ட வேணாம்மா, பழைய வீட்லயே ஒரு பாய் போட்டாப் போதும்" என்றார்.

பெயர் வைக்க வேண்டும். மனைவி பெயரை வைக்கலாம் என்று கேட்டுப் பார்த்தார். "பசங்க காதுல விழுந்தா நான் மைதானத்துல நிக்கவே முடியாது. என்னை விட்டுடுங்க" என்றாள். கடைசியில் 'வாசல் தட்டுபவன்' என்ற பொருள் வரும்படி ஒரு லத்தீன் சொல்லை வைத்தார்.

கட்டுரையைப் பரிசீலித்த நிபுணர் இரண்டே கேள்வி கேட்டிருந்தார். ஓர் ஆணிடமிருந்து ஏன் மூன்று கால்கள் மட்டும் இருக்கின்றன? இன்னோர் ஆண் எந்தக் கருவியால் பிடிக்கப்பட்டது? எட்டுக்கால் சார் நாள் முழுக்க யோசித்து, கௌரவமான சொற்களை எழுதி எழுதி அடித்தார். பிறகு எழுதினார்: முந்தையது ஆசிரியரின் காலால் சிதைந்தது, பிந்தையது ஆசிரியரின் கையால் பிடிக்கப்பட்டது. அது அப்படியே அச்சில் வந்தது.

கட்டுரை வெளியான வாரம் சேகரிப்பாளர் ஊன்றுகோலோடு அருங்காட்சியகம் வந்தார். நேராகச் சிலந்தி அறைக்குத்தான்.

"சார், கையால பிடிச்சீங்களா? வெறுங்கையால?"

"ஏதோ, தம்பி."

"நானே டம்ளர் இல்லாமத் தொட மாட்டேன் சார். இத்தனை வருஷமா உங்களை வெறும் குப்பி ஆளுன்னு நெனச்சுட்டேன், மன்னிச்சுக்குங்க. உங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருந்தேன்." பையிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். "விழறதுக்கு முன்னால மணல்மேட்டுப் பக்கம் போனப்ப பிடிச்சது. வீட்லயே வளத்தேன். கையை நீட்டுங்க."

எட்டுக்கால் சார் பேச வாயெடுப்பதற்குள் மூடி திறந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, மணல் நிறத்தில், மயிர் அடர்ந்த ஒன்று விளிம்பில் கால் வைத்தது.

அவர் மேஜை மேல் எப்படிப் போனார் என்று இருவருக்கும் தெரியாது. சத்தம் கேட்டு வராந்தாவில் கதவுகள் திறந்தன. யாரோ தீயணைப்புக் கருவியோடு ஓடிவந்தார். வாசலில் இயக்குநர் அம்மாவும் நின்றார். இத்தனை வருஷம் கட்டிக் காத்த குட்டு, அரை நொடியில் எல்லார் முன்னாலும் உடைந்துவிட்டது.

சேகரிப்பாளர் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "சார்... அதைக் கையால பிடிச்சீங்களே?"

"அவரு வேற, தம்பி. அவரோட பழகியாச்சு." அவர் குப்பி அலமாரியைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். "தைரியமும் இனத்துக்கு இனம் தனித்தனியாத்தான் வரும்போல. எனக்கு ஒரு இனத்துக்குத்தான் வந்திருக்கு. பாக்கியெல்லாம் அப்படியே இருக்கு."

முதலில் சிரித்தது இயக்குநர் அம்மாதான். பிறகு வராந்தா முழுவதும் சிரித்தது. எட்டுக்கால் சாருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இனி யாரிடமும் மறைக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியதும், முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல இருந்தது.

சிலந்தி டப்பாவின் கண்ணாடி போன்ற பக்கச் சுவரில் ஏறி அடிப்பக்கத்தைக் காட்டியபடி நின்றது. சேகரிப்பாளர் அதைப் பைக்குள் வைக்கப் போனார்.

"இரு, இரு." எட்டுக்கால் சார் மேஜையிலிருந்து இறங்காமலே கழுத்தை நீட்டினார். "அப்படியே பிடி. முன்கால் அடியில வெள்ளையா ஒரு தூரிகை மாதிரி இருக்கே, அது என்ன?"

"எல்லாத்துக்கும் அப்படித்தானே சார் இருக்கும்?"

"இருக்காது. இந்த வீட்ல யாருக்கும் கிடையாது. கிட்டக் கொண்டு வா." டப்பா அரை அடி நகர்ந்தது. "போதும், போதும், அங்கேயே நில்லு! எந்த மணல்மேடுன்னு சொன்ன?"